இந்த வேலையை எதற்காகச் செய்கிறீர்கள்?

கேள்வி (ஈரோடு): மூன்று வருடமாக, இணையத்தில் சின்னச் சின்னப் பணிகளுக்குக் கூலி தரும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் விடியும்போதுதான் பணிகள் நிறைய வரும். நமக்கு அப்போது இருட்டிவிடும். ரசீதுகளைத் தட்டச்சு செய்வேன். அம்மாவின் மருந்துச் செலவு இதில்தான் ஓடுகிறது. உங்களுக்கு என்ன காரணம்?

பதில்: மகள் பள்ளிக்குப் போனபிறகு கிடைக்கும் நான்கு மணி நேரம்தான், அண்ணா. காசு என் பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது. அது எனக்குப் பெரிய விஷயம்.

பதில்: நான் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே பலருக்கு இது கைச்செலவுக்குத்தான். இதுவே முக்கிய வருமானம் என்று சொன்னவர்கள் இந்தியாவில்தான் அதிகம் என்கிறது 2010 நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு.

பதில்: வெனிசுவேலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018இல் அந்நாட்டுப் பணமான பொலிவாரின் மதிப்பு கரைந்தபோது, டாலரில் கூலி கிடைக்கும் என்பதற்காகவே படித்தவர்கள் பலர் இதுபோன்ற இணைய வேலைக்கு, கணினிக்குக் கற்றுத்தர படங்களில் என்ன இருக்கிறது என்று குறியிட வந்தார்கள்.

கேள்வி கேட்டவர்: அவர்களும் நம்மைப் போலத்தான். சரி, அந்த நான்கு மணி நேரத்தை விட்டுவிடாதேம்மா.