435 ஆர்பிஎம் மோட்டார் போட்டதும் ரோபோவின் லிஃப்ட் முன்னைவிட மெதுவாகிவிட்டது. எங்கே தப்பு?

கணபதி_வைண்டிங் எழுதியது:

வணக்கம். கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மகள் படிக்கும் பள்ளியில் எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) என்ற பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டிக்கு ஒரு குழு சேர்த்தார்கள். "உங்க அப்பாதான் மோட்டார்காரராச்சே" என்று யாரோ சொல்லப்போய், ஆறு மாதமாகச் சனி ஞாயிறு என் கடையின் பின்கட்டு எட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டறை. புரோகிராம் எனக்குத் தெரியாது. இரும்பு, பேரிங், கம்பிச்சுற்று தெரியும்.

பழகுவதற்கு 2024-25 சீசனின் இன்டு தி டீப் ஆட்டத்தை எடுத்துக்கொண்டோம். ரோபோ கட்டைகளைத் தூக்கிப் போட வேண்டிய மேல் கூடை தரையிலிருந்து 43 அங்குலம், அதாவது 109 செ.மீ. ஆனால் ஆட்டம் தொடங்கும்போது ரோபோ எல்லாப் பக்கமும் 18 அங்குலத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் மேஜை டிராயரில் வருமே, அது மாதிரி ஸ்லைடு. நகரும் அடுக்கு மூன்று, கயிறு கேஸ்கேடு முறை, அதாவது ஓர் அடுக்கு ஏறும்போதே அடுத்ததையும் இழுத்து ஏற்றும். அடுக்குக்கு அரைக் கிலோ. உச்சி அடுக்கில் மட்டும் கையும் கிளாவும் (கட்டையைக் கவ்வும் பிடி) சேர்ந்து இன்னும் 1.2 கிலோ. கயிறு சுற்றும் உருளைகள் இரண்டும் 4 செ.மீ. விட்டம், ஒரே ஷாஃப்ட், ஒரே மோட்டார்.

முதலில் கோபில்டா கம்பெனியின் 312 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 312 சுற்று) மோட்டார் போட்டிருந்தோம். 84 செ.மீ. ஏற 1.3 விநாடி ஆனது. போதாது என்றார்கள் பிள்ளைகள். சரி என்று 435 ஆர்பிஎம் வாங்கி மாட்டினோம். இப்போது 1.8 விநாடி! மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பேட்டரி முழு சார்ஜ். வேக மோட்டார் போட்டு வேகம் குறைந்ததை முப்பது வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு தொல்லை. ஏறும்போது பாதி வழியில் இடது பக்கம் மட்டும் பிடிக்கிறது. அப்புறம், லிஃப்ட் மேலே இருக்கும்போது கூடையை விட்டுச் சட்டென்று பின்னால் எடுத்தால் ரோபோ முன்பக்கம் குனிகிறது. போன ஞாயிறு முகம் குப்புற விழுந்தே விட்டது.

பழைய_டிரைவர் எழுதியது:

அண்ணா, பள்ளியில் நான் எஃப்டிசி டிரைவராக இருந்தேன், இப்போது மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். உங்கள் மோட்டாரில் கோளாறு இல்லை, கணக்கில்தான்.

கேஸ்கேடில் மோட்டார் கயிற்றை 1 செ.மீ. இழுத்தால் உச்சி அடுக்கு 3 செ.மீ. ஏறும். அந்த வேகத்துக்கான கூலியை விசையாகக் கட்ட வேண்டும். முதல் அடுக்கின் எடை ஒரு மடங்கு, இரண்டாவது இரண்டு மடங்கு, உச்சி மூன்று மடங்கு. உங்களுக்கு 0.5 + 1 + 5.1, ஆக 6.6 கிலோ. உருளை ஆரம் 2 செ.மீ. என்பதால் 13.2 கிலோ-செ.மீ. டார்க், அதாவது சுழற்றும் விசை. உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து 15 என்று வையுங்கள்.

இப்போது மோட்டாரைப் பாருங்கள். 435-க்கு ஸ்டால் டார்க், அதாவது சுமை தாங்காமல் மோட்டார் நின்றுபோகும் அளவு, 18.7. அதில் 15 போனால் 80 சதவீதம் சுமை. இந்த டிசி மோட்டாரில் சுமை ஏற ஏற வேகம் நேர்கோடாக இறங்கும். மிச்சம் 20 சதவீத வேகம், சுமார் 86 ஆர்பிஎம். 312-க்கு ஸ்டால் 24.3, அதே சுமையில் கிட்டத்தட்ட 119 ஆர்பிஎம் சுற்றும். இதே வரிசையில் 223 ஆர்பிஎம் ஒன்று இருக்கிறது, ஸ்டால் 38. அதற்கு 15 என்பது 40 சதவீதம்தான். எவ்வளவு சுற்றும் தெரியுமா? 135!

பெட்டியில் போட்ட எண்ணில் மிக மெதுவான மோட்டார் உங்கள் லிஃப்டுக்கு மிக வேகமானது. கரன்டும் குறையும். ஸ்டாலில் மூன்றுமே 9.2 ஆம்பியர் இழுப்பவை. அந்தக் கணக்கில் 435 ஏழரையை ஒட்டி வரும், 223 மூன்றரையைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். பேட்டரிக்கு ஒரே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ்தான், சக்கரங்களை ஓட்டும் டிரைவ் மோட்டார் நான்கும் அதே பேட்டரியில் குடிக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

கணபதி_வைண்டிங் எழுதியது:

தம்பி, படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். என் கையில் வருவதெல்லாம் இன்டக்‌ஷன் மோட்டார். 1440 என்று பிளேட்டில் போட்டிருந்தால், பம்ப் தண்ணீர் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் 1440-க்கும் 1500-க்கும் நடுவிலேயே நிற்கும். அதனால் 435 என்றதும் சுமையிலும் 435-ஐ ஒட்டி ஓடும் என்றே மனம் எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையை நம்பியே பழகிவிட்டது. 223 ஆர்டர் போட்டாயிற்று.

டெட்ராய்ட்_அப்பா எழுதியது:

மிச்சிகனில் என் பையனின் குழுவுக்கு மென்டராக இருக்கிறேன். தம்பி போட்ட கணக்கு சரி. ஆனால் மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் கிளாவைத் தராசில் வைக்கச் சொல்வேன். உச்சியில் 100 கிராம் குறைத்தால் கயிற்றில் 300 கிராம் குறையும். கைப்பகுதிக்கு 1.2 கிலோ ரொம்ப அதிகம். கூடையில் போடும் ஒரு கட்டை (சாம்பிள்) வெறும் மூன்றரை அங்குல நீளம், அதைப் பிடிக்க இவ்வளவு அலுமினியம் எதற்கு?

கேஸ்கேடை விட்டுவிட்டுக் கன்டின்யுவஸ் முறைக்குப் போங்கள் என்று யாராவது சொல்வார்கள். அதில் ஒரே கயிறு எல்லா அடுக்கிலும் ஏறி இறங்கி ஓடும். உங்கள் எடைக்கு அதிகபட்ச இழுவிசை 2.7 கிலோதான், ஆனால் கேஸ்கேடில் சுற்றும் 28-க்குப் பதில் 84 செ.மீ. கயிறு சுற்ற வேண்டும். வேலை அதேதான். எந்த அடுக்கு முதலில் ஏறும் என்பதும் உராய்வைப் பொறுத்தது. நாங்கள் ஒரு சீசன் அதை வைத்துப் பட்டுவிட்டுக் கேஸ்கேடுக்கே திரும்பினோம்.

இடது பக்கம் பிடிப்பதற்குக் கயிற்றைப் பாருங்கள். சாதாரண நைலான் தூண்டில் நரம்பு என்றால் அது நீளும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக நீளாது. பின்னிய பாலிஎத்திலீன் மீன்பிடிக் கயிறு போடுங்கள். முனையை முடிச்சு மட்டும் போட்டு விடாமல், திருகி இறுக்கும்படி ஒரு ஸ்க்ரூவில் கட்டுங்கள்.

பழைய_டிரைவர் எழுதியது:

இன்னொன்று, அண்ணா. கயிற்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்லைடையும் கையால் தள்ளிப் பாருங்கள். பிடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ தலை துருத்திக்கொண்டிருக்கும், அல்லது மிகையாக முறுக்கிச் சேனல் வளைந்திருக்கும்.

குப்புற விழுவதற்கு: ரோபோ மொத்தம் எவ்வளவு? 14 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன். அடிப்பகுதி 11.3 கிலோ 12 செ.மீ. உயரத்தில், லிஃப்டின் 2.7 கிலோ சராசரி 85 செ.மீ. உயரத்தில் என்றால் எடை மையம் 26 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். கை முன்னால் நீண்டிருப்பதால் அது முன் சக்கரத்திலிருந்து 8 செ.மீ. பின்னால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 9.8-ஐ 8-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 3. விநாடிக்கு விநாடி 3 மீட்டருக்கு மேல் வேகம் கூட்டிப் பின்னால் எடுத்தால் பின் சக்கரம் எழும்பும். பேட்டரியைப் பின்கோடிக்கு நகர்த்துங்கள், ஆனால் அரைக் கிலோ பேட்டரிக்கு மையம் 1 செ.மீ.தான் நகரும். பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. லிஃப்ட் உயரம் பாதிக்கு மேல் இருந்தால் டிரைவ் பவர் சட்டென்று ஏறாமல் அரை விநாடியில் படிப்படியாக ஏறும்படி புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். நிறுத்தும்போதும் அப்படியே. முதலில் இறக்கு, பிறகு நகரு என்று டிரைவருக்குச் சொன்னால் போட்டி நேரத்தில் மறந்துவிடுவார். நான் மறந்திருக்கிறேன், எதிரணி குழு கைதட்டியது.

மெக்கானம் சக்கரம்தானே, சாய்ந்த உருளைகளோடு பக்கவாட்டிலும் நகருமே, அது? நான்கு சக்கரத்துக்கும் கீழே எடை மெஷின் வைத்து ஒவ்வொரு மூலையும் எவ்வளவு சுமக்கிறது என்று பாருங்கள். ஒரு மூலை லேசாக இருந்தால் அந்தச் சக்கரம் வழுக்கும், பக்கவாட்டில் நகரும்போது ரோபோ சுழலும்.

கணபதி_வைண்டிங் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 223 வந்து மாட்டினோம்: 1.1 விநாடி. பத்து முறை ஏற்றி இறக்கியும் மோட்டாரில் கை வைக்க முடிகிறது. கிளாவில் மகள் டிரில்லிங் மெஷினை வைத்து ஓட்டை ஓட்டையாகப் போட்டாள், தோசைக்கல்லில் வெந்த ஆப்பம் மாதிரி இருக்கிறது, 240 கிராம் குறைந்தது. இப்போது 1 விநாடிக்குள் ஏறுகிறது.

இடது பக்கத்தில் பிடித்ததற்குக் காரணம் நானேதான். இரண்டாவது அடுக்கில் 10 மி.மீ. ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் 12 மி.மீ. போட்டு இறுக்கியிருந்தேன், உள்ளே இருக்கும் பந்துகளில் உரசியது. நான்கு மூலையையும் எடை பார்த்ததில் முன் இடது மூலை 4.6 கிலோ, முன் வலது மூலை 2.3. சேஸியே முறுக்கிக்கொண்டிருந்தது. சமதளக் கிரானைட் மேல் வைத்து அவிழ்த்துக் கட்டினோம். புரோகிராம் எழுதும் பையன் அந்தப் படிப்படி ஏற்றத்தை ஒரு மாலையில் முடித்துவிட்டான், ரோபோ இப்போது குனிகிறது, விழவில்லை.

புதிதாக வந்திருப்பது: இறங்கும்போது கீழே இழுக்கும் கயிறு தொய்ந்து உருளையை விட்டு வெளியே வருகிறது. மேல் கயிறு சுற்றுக்கு மேல் சுற்றாக ஏறுவதால் உருளையின் ஆரம் மாறுகிறது, அதுதான் என்று நினைக்கிறேன். தொய்வை எடுக்க ஒரு சின்ன ஸ்பிரிங் போட்டுப் பார்க்கிறோம்.

அந்தச் சுட்ட 435-ஐப் பிரித்துப் பார்த்துக் கம்பி கருகியிருக்கிறதா என்று தேட எனக்குக் கை துறுதுறுத்தது. போட்டி மோட்டாரின் உள்ளே கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். மகள் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.