ஜட்ஜின் அனுமதி விகிதம்: டிசபிலிட்டி ஹியரிங் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

என் கணவருக்கு முதுகுத்தண்டில் இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார முடிவதில்லை. உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் சோசியல் செக்யூரிட்டி டிசபிலிட்டி பணத்துக்கு விண்ணப்பம் போட்டோம். முதலில் மறுத்தார்கள், மறுபரிசீலனையிலும் மறுத்தார்கள். இப்போது ஜட்ஜ் முன்னால் ஹியரிங், அதாவது நேர் விசாரணை. நோட்டீசில் ஜட்ஜின் பெயர் இருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தால் அவர் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் கொடுக்கிறாராம். அதே அலுவலகத்தில் இன்னொருவர் ஏழு பேருக்குக் கொடுக்கிறார். லாயரிடம் கேட்டால், "அதையெல்லாம் பார்க்காதீங்க" என்கிறார். பார்த்துவிட்டோமே! ஜட்ஜை மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமா? வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் வேறு ஜட்ஜ் வருவாரா? போய் வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஷிகாகோ பக்கம்

சகோதரி, வாபஸ் மட்டும் வாங்கிவிடாதீர்கள். நான் டிசபிலிட்டி வழக்கு நடத்தும் ஒரு லாயர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இதே யோசனையோடு வருகிறவர்கள் நிறைய. புதிதாகப் போட்டால் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். நிலுவைப் பணமும் குறையும், ஏனென்றால் விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கித் தரமாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலையை விட்டுப் பொதுவாக ஐந்து வருடம் ஆனதும் இந்தப் பணத்துக்கான இன்சூரன்ஸ் தகுதியே காலாவதியாகிவிடும். இவ்வளவும் போன பிறகு, ஜட்ஜுகளைச் சுழற்சி முறையில் ஒதுக்கும்போது அதே ஜட்ஜ் வந்து உட்காரவும் வாய்ப்பு இருக்கிறது.

அந்த எண்ணைப் பற்றி. ஒவ்வொரு ஜட்ஜும் எத்தனை வழக்கு முடித்தார், எத்தனை பேருக்குக் கொடுத்தார், எத்தனை பேருக்கு மறுத்தார் என்ற பட்டியலை சோசியல் செக்யூரிட்டி நிர்வாகமே மாதாமாதம் வெளியிடுகிறது. நீங்கள் பார்த்த தளங்கள் அதிலிருந்து எடுத்துத்தான் சதவீதம் போடுகின்றன. அதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஹியரிங்குக்கே வராமல் போனவர்கள், வாபஸ் வாங்கியவர்கள் இவர்களுடைய வழக்குகளும் "முடித்தவை" கணக்கில் சேரும். அதை வைத்து வகுத்தால் விகிதம் குறைவாகத் தெரியும். தீர்ப்பு சொன்ன வழக்குகளை மட்டும் வைத்து வகுத்தால் கூடும். எதை வைத்து வகுத்தார்கள் என்று பாருங்கள். அப்புறம், கணக்கு அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டுக்கானது. நவம்பரில் எடுத்துப் பார்த்தால் ஒரு ஜட்ஜுக்குக் கொஞ்சம் வழக்குகளே இருக்கும். அதை வைத்துக் கலங்குவதில் அர்த்தமில்லை. மூன்று நான்கு வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

அதற்காக ஜட்ஜ் யாரானாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். காங்கிரசுக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ 2017இல் ஓர் அறிக்கை கொடுத்தது. சராசரியான ஒரே வழக்கை வெவ்வேறு ஜட்ஜுகள் கேட்டால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு 46 சதவீதப் புள்ளிகள் வரை மாறலாம் என்பது அதன் மதிப்பீடு. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. லாயர் போன்ற பிரதிநிதி இல்லாமல் தனியாகப் போனவர்களைவிட, பிரதிநிதியோடு போனவர்களுக்கு அனுமதி விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜட்ஜ் உங்கள் கையில் இல்லை. லாயர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறார்.

ஹூஸ்டன்

எனக்கு வந்தவரும் கஞ்ச ஜட்ஜ்தான். எங்கள் வட்டாரத்தில் அவர் பெயரைச் சொன்னாலே லாயர்கள் முகம் சுளிப்பார்கள். சர்க்கரை நோயில் கால் நரம்பு போய், கண்ணும் மங்கிவிட்டது எனக்கு. அதற்கு முன்பு காஸ் ஸ்டேஷனில் கல்லாவில் நின்றுகொண்டே வருடக்கணக்காக ஓட்டியவன்.

உள்ளே போனால் அவர் கத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பத்து நிமிடம் என்னைக் கேட்டார். அப்புறம் போனில் இருந்த வொகேஷனல் எக்ஸ்பர்ட்டிடம், அதாவது எந்த வேலைக்கு என்ன உடல்திறன் வேண்டும் என்று சொல்லும் தொழில் நிபுணரிடம், திரும்பிவிட்டார். வழக்கு அங்கேதான் முடிவாகிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. "இன்ன வயது, இன்ன படிப்பு, இவ்வளவு எடைதான் தூக்க முடியும், இவ்வளவு நேரம்தான் நிற்க முடியும், இப்படி ஒருவருக்கு வேலை உண்டா?" என்று ஜட்ஜ் கேட்பார். எக்ஸ்பர்ட் இரண்டு மூன்று வேலைகளின் பெயரைச் சொல்லி, நாட்டில் இத்தனை ஆயிரம் இருக்கிறது என்பார். அந்த வேலைகளெல்லாம் 1991க்குப் பிறகு திருத்தவே படாத ஒரு தொழில் அகராதியிலிருந்து வருபவை. கொட்டைப் பருப்பு பிரிக்கிற வேலையைக் காட்டிப் பலருடைய விண்ணப்பத்தை மறுத்திருக்கிறார்கள். அந்த அகராதியில் 114 வேலைகளை இனி பயன்படுத்துவதில்லை என்று 2024 ஜூனில்தான் முடிவு செய்தார்கள்!

எனக்கும் இரண்டு வேலை சொன்னார். என் லாயர் கேட்டது இரண்டே கேள்வி. "இவர் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டார் என்றால்?" "வேலை நேரத்தில் 15 சதவீதம் வேலையிலிருந்து விலகி உட்கார வேண்டியிருந்தால்?" இரண்டுக்கும் எக்ஸ்பர்ட், "அப்படியானால் எந்த வேலையும் இல்லை" என்றார். அந்த இரண்டு எண்ணையும் என் டாக்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். ஆதாரம் அந்த ஒரு தாள்தான்.

இன்னும் ஒன்று நடந்தது. கடைசியில் ஜட்ஜ், "பாதிப்பு தொடங்கிய தேதியை உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மாற்றச் சம்மதமா?" என்று கேட்டார். ஐம்பது வயதானால் விதிகள் தளர்கின்றன, ஐம்பத்தைந்தில் இன்னும் தளர்கின்றன. லாயர் என்னை வெளியே கூட்டிப்போய், "பழைய நிலுவையில் ஒரு பகுதி போகும், ஆனால் மாதப் பணம் உறுதி" என்றார். சம்மதித்தேன். அந்தப் பட்டியலில் இது முழு அனுமதியாகத்தான் ஏறியிருக்கும். எனக்கு எவ்வளவு போனது என்று அந்தச் சதவீதத்தைப் பார்த்து யாருக்குத் தெரியும்?

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

எங்கள் கதை இதற்கு நேர் எதிர். அம்மாவுக்கு வந்த ஜட்ஜ் நல்ல விகிதம் உள்ளவர். லாயரே சிரித்துக்கொண்டு, "உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார். அந்தச் சிரிப்பில் எல்லோரும் கொஞ்சம் அசந்துவிட்டார்கள். மூட்டுவலிக்குப் பார்த்த சிறப்பு மருத்துவரின் சமீபத்திய குறிப்புகள் கோப்பில் சேரவே இல்லை. ஹியரிங்குக்கு ஐந்து வேலை நாளுக்கு முன்பே ஆதாரத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது இன்ன ஆதாரம் இருக்கிறது என்றாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. லாயர் அலுவலகம் அதைத் தவறவிட்டது.

அம்மா பதினாறு வருடம் ஓர் உணவகச் சமையல்கட்டில் பாத்திரம் தூக்கியவர். தமிழில் மொழிபெயர்ப்பாளர் கேட்டோம், இலவசமாகவே கொடுத்தார்கள். ஆனால் அதிகாரி முன்னால் நம் அம்மாக்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். "வீட்டில் சமைப்பீர்களா?" "ஏதோ செய்வேங்க." "கடைக்குப் போவீர்களா?" "பையன்கூடப் போவேங்க." அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் சமைக்கிறார், கடையில் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தீர்ப்பில் "சமைக்கிறார், கடைக்குப் போகிறார்" என்று எழுதி மறுத்துவிட்டார்கள்.

ஒரு தகவலும் சொல்கிறேன். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் பேச முடியாததைக் கல்வி நிலையில் ஒரு குறையாகக் கணக்கிட்டார்கள். சில வயதினருக்கு அது சாதகமாக இருந்தது. 2020 ஏப்ரல் 27லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய அனுபவத்தை வைத்து யாராவது "இங்கிலீஷ் தெரியாது என்றால் சுலபம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

லெக்சிங்டன், கென்டக்கி

எல்லோரும் கஞ்ச ஜட்ஜைப் பற்றிப் பேசுகிறீர்கள். இங்கே தாராள ஜட்ஜால் ஒரு மலைப்பிரதேசமே அழுதது. பக்கத்து மாநிலம் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் டேவிட் டாகர்ட்டி என்று ஒரு ஜட்ஜ். 2010 நிதியாண்டில் 1,284 வழக்குகளில் நான்கைத் தவிர எல்லாவற்றுக்கும் கொடுத்தார். இதை 2011இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. கிழக்குக் கென்டக்கியில் எரிக் கான் என்ற லாயர், தன் அலுவலக வாசலில் பெரிய லிங்கன் சிலையெல்லாம் வைத்திருந்தவர், இந்த ஜட்ஜுக்கு மாதாமாதம் லஞ்சம் கொடுத்திருக்கிறார். மருத்துவப் படிவங்களில் பதிலை முன்கூட்டியே நிரப்பி வைத்து டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்குவார்களாம். கான் 2017 ஜூனில் காலில் கட்டியிருந்த கண்காணிப்புக் கருவியை அறுத்துவிட்டு ஓடி, டிசம்பரில் ஹோண்டுராஸில் ஒரு பிட்சா ஹட் வாசலில் பிடிபட்டார். ஜட்ஜுக்கும் நான்கு வருடச் சிறை.

நான் சொல்ல வருவது அதற்கு முன்பு நடந்தது. 2015இல் கானின் பழைய கட்சிக்காரர்கள் சுமார் 1,500 பேருக்குக் கடிதம் போனது. உங்கள் வழக்கை மறுபடி விசாரிப்போம், அந்த டாக்டர்களின் சான்று செல்லாது என்று. அவர்களில் நிறையப் பேர் நிஜமாகவே சுரங்கத்தில் முதுகு போனவர்கள். லாயர் செய்தது அவர்களுக்குத் தெரியாது. பலர் பணத்தை இழந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. அந்த மறுவிசாரணை முறை நியாயமற்றது என்று ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொல்லும்வரை இழுத்தது. எனக்கு 99 சதவீத ஜட்ஜ் வேண்டவே வேண்டாம், சார்.

எடிசன், நியூ ஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. வாபஸ் யோசனையை விட்டுவிட்டோம். டாக்டரிடம் படிவத்தைக் கொடுத்திருக்கிறோம். ஒன்றுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. அந்த ஜட்ஜ் வேண்டுமென்றே மறுப்பவராக இருந்தால் கேட்பார் இல்லையா?

குயின்ஸ், நியூயார்க்

உண்டு அக்கா, ஆனால் நெடுவழி. இங்கே குயின்ஸின் ஜமைக்கா பகுதியில் இருக்கும் ஹியரிங் அலுவலகத்தின் ஐந்து ஜட்ஜுகளைக் குறை சொல்லி, மறுக்கப்பட்டவர்கள் சேர்ந்து 2011இல் சோசியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். பாட்ரோ வழக்கு என்பார்கள். அந்த ஜட்ஜுகள் ஏழைகளிடமும் குடியேறியவர்களிடமும் பாரபட்சம் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2013இல் சமரசம் ஆனது, அந்த ஜட்ஜுகள் மறுத்த சுமார் 4,000 பேர் வரை வேறு ஜட்ஜ் முன் புது ஹியரிங் பெறலாம் என்று. அதில் ஜெயித்தது வெறும் சதவீதத்தைக் காட்டி இல்லை. ஹியரிங்கில் அந்த ஜட்ஜுகள் பேசிய பேச்சு எழுத்துப் பதிவில் இருந்தது.

ஷிகாகோ பக்கம்

ஆமாம், அதையேதான் நானும் சொல்வேன். விகிதம் குறைவு என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஜட்ஜை விலகச் சொன்னால் நடக்காது. உங்கள் வழக்கில் அவர் முன்முடிவோடு நடந்துகொண்டதற்கு ஏதாவது இருந்தால் உடனே, முடிந்தால் ஹியரிங்கிலேயே, லாயர் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். எல்லாம் ஒலிப்பதிவாகிறது. மறுத்தால் 60 நாளுக்குள் நிர்வாகத்தின் மேல்முறையீட்டுக் குழுவான அப்பீல்ஸ் கவுன்சில், அதற்கு மேல் ஃபெடரல் நீதிமன்றம். அங்கிருந்து வழக்கு மறு ஹியரிங்குக்குத் திரும்பி வந்து ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜட்ஜைப் பார்த்து ஒதுங்குவது சோசியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்கும் தலைவலிதான். 2011 கடைசியில், ஹியரிங் நாள் வரை ஜட்ஜின் பெயரையே சொல்லமாட்டோம் என்று நிர்வாகம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. கஞ்ச ஜட்ஜ் என்று தெரிந்ததும், வேறு ஜட்ஜ் வரட்டும் என்று லாயர்கள் வீடியோ ஹியரிங் வேண்டாம் எனத் தட்டிக்கழித்ததுதான் காரணம். பிறகு அதைக் கைவிட்டார்கள்.

ஹூஸ்டன்

அக்கா, ஒரு சின்ன விஷயம். ஹியரிங்கில் அண்ணனுக்கு வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். "ஐயா, எழுந்து நிற்கலாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து நிற்கச் சொல்லுங்கள். வீடியோ, போன் என்றால் கட்டாயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பதிவில் ஏறட்டும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலில் எது தூக்கம் வரவைக்கும் என்று பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள். என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டார்.