‘டெம்போ’ ஓட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

குழுவினருக்கு வணக்கம். 35 வயது தாண்டியவர்களுக்கான மூத்தோர் தடகளப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது. ஒரே ஒரு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பொழுதுபோக்காக 100, 200 மீட்டர் ஓடுகிற பெரியவர்களுக்கு டெம்போ ஓட்டம் எவ்வளவு தேவை என்பதுதான் அத்தியாயம். அந்த ‘டெம்போ’வுக்கு ஒரு சொல் வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு: மெதுவாக, நிறையத் தடவை ஓடுவது ஒன்று, வேகத்தைக் கூட்டிச் சில தடவை ஓடுவது மற்றொன்று. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி சொல் அமைந்தால் நல்லது.

அப்படியே ‘டெம்போ’ என்று போட மனம் வரவில்லை. நம் ஊரில் டெம்போ என்றால் சரக்கு வண்டி.

புலவர், தஞ்சை:

அம்மா, நல்ல கேள்வி. இத்தாலியச் சொல் அது, இலத்தீனில் காலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இசையில் நாம் காலப்பிரமாணம் என்கிறோமே, அதுதான். விளம்பம், மத்திமம், துரிதம் என்று காலம் மூன்று. அதை அப்படியே எடுத்தால் ‘மத்திம கால ஓட்டம்’ கிடைக்கும். ஆனால் வடசொல்லில் போய் நிற்பானேன்?

தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களை, அதாவது செய்யுளின் ஓசை நடைகளைச் சொல்கிறது. ‘ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்’ என்கிறது. தடையில்லாமல் ஒரே சீராகப் போகிற ஓசை அது. ‘முடுகு வண்ணம் முடிவறியாமல் அடியிறந்து ஓடி’ என்கிறது இன்னொன்று. பாருங்கள், ‘ஓடி’ என்ற சொல்லே அங்கே இருக்கிறது! மெதுவாக ஓடுவதற்கு ஒழுகோட்டம், வேகம் கூட்டியதற்கு முடுகோட்டம். ஓசையின் நடைக்குத் தமிழன் வைத்த பெயரையே உடலின் நடைக்கும் வைக்கிறோம். இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது.

கணினித் துறை நண்பர், கோவை:

வண்டி பற்றி ஒரு தகவல். டெம்போ என்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்றின் வண்டிப் பெயர். அவர்களோடு சேர்ந்து இந்தியாவில் 1958இல் பஜாஜ் டெம்போ தொடங்கினார்கள். 2005இல் அது ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. பெயர் போன பிறகும் நம் சாலையில் டெம்போ டிராவலர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக, இந்தச் சொல் ஏற்கெனவே தமிழில் குடியேறிவிட்டது. ‘டெம்போ ஓட்டம்’ என்றாலே எவருக்கும் புரியும். வலிந்து சொல் ஆக்க வேண்டுமா?

தொல்காப்பிய உரியியலில் ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்று இருப்பதையும் புலவர் ஐயா பார்வைக்கு வைக்கிறேன். துனையோட்டம்?

புலவர், தஞ்சை:

துனைவு விரைவு. இங்கே கேட்பது விரைவல்ல, நடை. குதிரையின் நடையைக் கதி என்று சொல்லி ‘ஐங்கதி’ என்று வகுத்தார்கள், அது வேறு பாதை. சங்கப் பாட்டில் ‘கதழ்பரி’ என்று வருமிடமெல்லாம் பாய்ச்சல்தான். அதை இங்கே கொண்டுவந்தால் பொருள் தலைகீழாகும்.

தடகளப் பயிற்சியாளர், சேலம்:

புலவர் ஐயா சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியம்: கேட்பது விரைவு அல்ல. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் பொருளைப் பாருங்கள்.

முதலில், நெடுந்தூர ஓட்டக்காரர் டெம்போ என்றால் 20 நிமிடம் விடாமல் ஓடுவதைச் சொல்வார். 100 மீட்டர்காரர் சொல்வது அதுவல்ல. கனடாவின் சார்லி பிரான்சிஸ் வகுத்த முறை இது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துக்காகப் பதக்கம் பறிக்கப்பட்ட பென் ஜான்சனின் பயிற்சியாளர்தான். அந்தக் கறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பயிற்சியைப் பிரித்துவைத்ததில் அவர் கருத்து இன்றும் நிற்கிறது. ஓடினால் உச்ச வேகத்தில் 95 சதவீதத்துக்கு மேல் ஓடு, இல்லையென்றால் 75க்குக் கீழே ஓடு. நடுவில் இருப்பது வேகமும் தராது, ஓய்வும் தராது, களைப்பு மட்டும் தரும். மெதுவான வகை டெம்போ அந்த 75க்குக் கீழே. புல்தரையில் 100, 200 மீட்டராக, நடுவே கொஞ்சம் நடந்து, வேக நாட்களுக்கு இடைப்பட்ட நாட்களில் ஓடுவது. தசைக்கு ரத்த ஓட்டம் போகவும், உடல் தேறவும்தான்.

கணக்குப் பாருங்கள். 100 மீட்டரை 14 வினாடியில் ஓடும் 55 வயதுக்காரருக்கு 70 சதவீத வேகம் என்றால் 20 வினாடி. ஆனால் எங்கள் மைதானத்தில் யாரும் 20 வினாடியில் ஓடுவதில்லை! பக்கத்தில் ஒருவர் ஓடினால் போதும், இரண்டாவது ஓட்டத்திலேயே 17க்கு வந்துவிடுவார்கள். அது 80 சதவீதத்துக்கு மேல். அடுத்த வேக நாளில் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் சொல்லைப் பார்த்தவுடன் கால் அடங்க வேண்டும். ‘முடுகு’ என்ற சொல்லைக் கையேட்டில் பார்த்தால் என் ஆட்கள் அன்றைக்கே பாய்ந்துவிடுவார்கள்.

இயன்முறை மருத்துவர், மதுரை:

ஒழுகோட்டம் அழகாக இருக்கிறது, ஆனால் பேச்சில் ஒழுகுவது கூரையும் மூக்கும்தான். வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு சொல் சிரிப்புக்கு இடமாகிவிட்டால் அதோடு போய்விடும்.

‘எவ்வளவு’ என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வயதாகும்போது எட்டு வைக்கும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. எட்டின் நீளம்தான் சுருங்குகிறது. பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. வேகத்துக்கான தசை இழைதான் முதலில் மெலிகிறது. அதைக் காப்பாற்றுவது உண்மையான வேகப் பயிற்சியும் எடைப் பயிற்சியும். டெம்போவால் அது நடக்காது. குதிகால் நாணோ இளைஞர்களுக்குத் தேறுவதைப் போல ஒரு நாளில் தேறாது. 1000 மீட்டர் டெம்போ ஓடினால் சுமார் 600 தடவை கால் தரையில் விழுகிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரு முறை, மொத்தம் 800 முதல் 1200 மீட்டர் போதும் என்பது என் கருத்து. நாண் முனகினால் சைக்கிள் மிதிக்கலாம், நீச்சல் குளத்தில் நெஞ்சளவு நீரில் ஓடலாம். பலன் ஏறக்குறைய அதேதான்.

தடகளப் பயிற்சியாளர், சேலம்:

டாக்டர் அம்மா சொல்வது 100 மீட்டர்காரருக்குச் சரி. 400 ஓடுபவருக்கு இன்னும் வேண்டும். பேய்லர் பல்கலைக்கழகத்தில் கிளைட் ஹார்ட் 200 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடவைத்துத்தான் மைக்கேல் ஜான்சனையும் ஜெரமி வாரினரையும் உருவாக்கினார். வேகம் கூட்டிய இரண்டாவது வகை அதுதான். ஆனால் அவர்கள் அப்போது 20களில் இருந்தார்கள். 60 வயதில் அதை அப்படியே எடுக்கக் கூடாது. பத்து நாளைக்கு ஒன்று என்றால் சம்மதம்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் தடகளத்தை மெய்வல்லுநர் என்றுதான் சொல்லுவோம். மாரத்தான் எங்களுக்கு மரதன். கையேடு இங்கேயும் வரும் என்றால் இரண்டு கரைக்கும் புரிகிற சொல்லாக வையுங்கோ. ‘ஓட்டம்’ என்றவுடன் எங்கள் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் ஓட்டம்தான் ஞாபகம் வரும், ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை.

பயிற்சியாளர் சொன்ன ‘கால் அடங்க வேண்டும்’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அளவோட்டம் என்று வைத்தால் என்ன? அளவாக ஓடு என்ற பொருள் தானாக வருகிறது. சொற்கள் சேர்வதும் எளிது.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அளவோட்டம் காதுக்கு நன்றாக இருக்கிறது. எழுதிப் பார்த்தேன். அத்தியாயத் தலைப்பு ‘எவ்வளவு அளவோட்டம் வேண்டும்?’ என்று வருகிறது. உள்ளே ‘அளவோட்டத்தின் அளவு’ ஏழெட்டு இடத்தில் வருகிறது. வாசிக்க முடியவில்லை.

‘சீரோட்டம்’ எப்படி? சீர் என்றால் ஒழுங்கு, செய்யுளுறுப்பு, தாள அளவு எல்லாம்தான். ‘மிதச் சீரோட்டம்’, ‘கடுஞ்சீரோட்டம்’ என்று இரண்டு வகையும் வந்துவிடும்.

புலவர், தஞ்சை:

சீர் தமிழ். மிதம் வடமொழி. மென்சீரோட்டம் என்று வைக்கலாமே.

கணினித் துறை நண்பர், கோவை:

சீரோட்டத்துக்கு என் வாக்கு. மிதமோ மென்மையோ எதுவானாலும் சரி. முதல் தடவை வரும் இடத்தில் ‘டெம்போ எனப்படும்’ என்று சேர்த்துவிடுங்கள். இணையத்தில் தேடுபவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

இயன்முறை மருத்துவர், மதுரை:

எனக்கும் சீரோட்டம் சம்மதம். மென்சீர் வேண்டாம், மிதம் போதும். மிதமான சூடு, மிதமான வேகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

சரி, இருக்கட்டும். எங்கள் பக்கமும் விளங்கும்.

தடகளப் பயிற்சியாளர், சேலம்:

பெரும்பான்மை எப்படியோ அப்படியே ஆகட்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். சீர் என்றால் ஒரே மாதிரி என்றுதான் என் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். பத்து ஓட்டத்தையும் ஒரே மாதிரி 17 வினாடியில் ஓடிவிட்டு ‘சீராக ஓடினேன் சார்’ என்பார்கள். அடக்கம் என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. சொல் எதுவானாலும், ஒவ்வொரு பயிற்சி அட்டவணையிலும் அதன் பக்கத்தில் வினாடியை எழுதுங்கள். 14 வினாடிக்காரருக்கு 19இலிருந்து 21. இது இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அனைவருக்கும் நன்றி. சீரோட்டம், மிதச் சீரோட்டம், கடுஞ்சீரோட்டம் என்று போடுகிறேன். பயிற்சியாளர் ஐயா கேட்டபடி 12 வினாடியிலிருந்து 18 வினாடி வரை ஓடுபவர்களுக்கு அட்டவணை ஒன்றும் சேர்த்துவிட்டேன். நாளை மதியம் கோப்பு போகிறது.

புலவர், தஞ்சை:

போகட்டும். மிதத்தை ஏற்கிறேன், அவசரம் புரிகிறது. ஆனால் ‘கடுஞ்சீர்’ செய்யுள் வழக்கில் இல்லாத சேர்க்கை. அந்த இடத்திலாவது முடுகோட்டம் இருந்திருக்கலாம். 400 மீட்டர்காரர் பாய்ந்தால்தான் என்ன, அவருக்கு அது வேண்டியதுதானே? மறுபதிப்பு வரும்போது இதை மீண்டும் எடுப்பேன்.