கைப்பிள்ளையோடு சபைக்குப் போன முதல் ஞாயிறு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டு பிள்ளைகளின் தாய்

அப்போது மூத்தவனுக்கு இரண்டரை வயது, இளையவளுக்கு 4 மாதம். வேலை மாற்றலாகி புது ஊருக்கு வந்த முதல் ஞாயிறு. ஆராதனையில் ஜெபம் தொடங்கியதும் இளையவள் அழ ஆரம்பித்தாள். முன்வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, "பின்னால் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறதம்மா" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். போய்ப் பார்த்தால் அடுக்கி வைத்த நாற்காலிகள், பழைய ஒலிபெருக்கிகள், ஓரமாக ஒரு கிழிந்த பாய். பிரசங்கம் அங்கே கேட்கவே இல்லை. மூத்தவன் நாற்காலிகளுக்கு நடுவே ஓட, இளையவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். வெளியே வந்ததும் கணவர், "பிரசங்கம் நன்றாக இருந்தது, இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு ஆறு மாதம் எந்தச் சபைக்கும் போகவில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா வற்புறுத்தி அழைத்ததால் வேறொரு சபைக்குப் போனோம். வாசலில் ஒரு சகோதரி எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மூத்தவனுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து அவன் பெயரைக் கேட்டார். அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். "சரி, உனக்குத் தோன்றும்போது சொல்" என்று எழுந்துவிட்டார். பிறகு என்னிடம், "நீங்களும் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பில் உட்காரலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்" என்றார். இளையவளைக் கையில் வாங்க முயலவில்லை. "பத்து மாதம்தானே, ஆள் தெரிகிற வயது. உங்களிடமே இருக்கட்டும்" என்றார். அந்த வயதில் பிள்ளைகள் புது முகம் கண்டால் பயப்படுவதும் தாயை விட்டுப் பிரிய மறுப்பதும் இயல்பு. இதைத் தெரிந்தவர் ஒருவர் வாசலில் நின்றது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று மூத்தவன் தன் நீலக் காரை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அடுத்த ஞாயிறு நாங்கள் படி ஏறும்போதே அந்தச் சகோதரி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உன் கார் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது" என்றார். என் கையை விட்டுவிட்டு அவரோடு போனான். ஒரு வாரம் முழுவதும் என் பிள்ளையை ஒருவர் நினைவில் வைத்திருந்திருக்கிறார்! வண்ணச் சுவரோ புது விளையாட்டுப் பொருளோ அந்த வகுப்பில் இல்லை. நாங்கள் அந்தச் சபையில் தங்கியதற்கு அந்தக் கார்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

இப்போது நானும் அதே வகுப்பில் உதவுகிறேன். அதனால்தான் கேட்கிறேன், உங்களுக்கு எது நடந்தது?

ஓர் அப்பா

என் மகள் துறுதுறுவென்று இருப்பாள். வகுப்பிலிருந்து அழைத்து வரும்போதெல்லாம் என்ன புகார் வருமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஒரு நாள் ஆசிரியர், "இன்று சாமுவேல் கதை சொன்னேன். ஆண்டவர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் ஏன் மூன்று தடவையும் ஆசாரியன் ஏலியிடம் ஓடினான் என்று கேட்டாள். நல்ல கேள்வி, இல்லையா? வீட்டில் நீங்களும் பேசிப் பாருங்கள்" என்றார். அன்று இரவு நானும் அவளும் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தோம். நான் வேதாகமத்தைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஒரு வார்த்தை என் மகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் வழி திறந்தது.

ஒரு வருத்தமும் உண்டு. இதற்கு முன் போன சபையில் மூன்றாவது வாரமே என் மனைவியிடம், "சின்னப் பிள்ளைகள் வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். வாரம் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அமைதியாக உட்காரலாம் என்று வந்தவள் அவள். தயவுசெய்து இளம் தாய்மாரிடம் உடனே இதைக் கேட்காதீர்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை, 22 ஆண்டுகளாக

1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு ஞாயிறன்று தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் அதில் இருந்தது. அதாவது, சபைக்குள் ஏற்கெனவே இருந்த பிள்ளைகளுக்காக அது தொடங்கப்படவில்லை. இதைப் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் நான் செய்தது வேறு.

மனப்பாட வசனம் சொன்னால் நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை ஒன்று சுவரில் இருந்தது. ஒரு ஞாயிறு புதிதாக வந்த ஒரு சிறுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பேர் எங்கே?" என்று கேட்டாள். அடுத்த வருடம் சேர்ப்போம் என்றேன். அவள் திரும்பி வரவே இல்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது அட்டவணை இல்லை. பெயர் எழுதாத அட்டைகள் எப்போதும் மேசையில் இருக்கும். புதுப் பிள்ளை வந்தால் எல்லாருமே அன்று புதிதாகப் பெயர் எழுதிக் குத்திக்கொள்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். கொண்டுவந்து விட்டவரிடம்தான் பிள்ளையைத் திருப்பித் தருவோம். கதவில் கண்ணாடி வைத்திருக்கிறோம். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்கிறோம். "நம் சபையில் இதெல்லாம் எதற்கு?" என்று சில மூத்தவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் புதிதாக வரும் தாய் எங்களை நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது? அவளுக்கு நாங்கள் அந்நியர்கள். அந்த நம்பிக்கையை நாங்கள்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள மகனின் தாய்

சத்தம் என் மகனுக்குத் தாங்காது. கைதட்டிப் பாடும் பாட்டு என்றால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மூன்று சபைகள் பார்த்துவிட்டோம். நான்காவது இடத்தில் ஆசிரியை சனிக்கிழமையே தொலைபேசியில் அழைத்து, அவனுக்கு எது பிடிக்கும், எது தாங்காது என்று கேட்டார். பாட்டு, கதை, வண்ணம் தீட்டுவது, ஜெபம் என்று வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அவனுக்குப் பயம் குறையும். முதல் இரண்டு மாதம் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் வெளியே இழுக்கவில்லை. ஒரு நாள் வீட்டில் தன் பொம்மைகளை வரிசையாக வைத்து நோவாவின் கதையை முழுவதும் சொன்னான்.

ஒரு பாட்டி

முதலில் எழுதிய மகளே, திரும்பிப் பார்த்தார்கள் என்று சொன்னாயே, நானும் அப்படிப் பார்த்தவள்தான். பக்தியினால்தான் அப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களை அதட்டியது வெளியாட்கள் அல்ல, அவருடைய சீஷர்கள். அதைக் கண்டு இயேசு விசனமடைந்தார். ஒரு நாள் அதை வாசித்தபோது என்னையே அங்கே கண்டேன். இப்போது கடைசி வரிசைக்கு மாறிவிட்டேன். எந்தப் பிள்ளை அழுதாலும் அந்தத் தாயைப் பார்த்துச் சிரிப்பேன், கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். அழுகைச் சத்தமே கேட்காத சபையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொரு தாய்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. வகுப்பு நல்லதுதான், ஆனால் பிள்ளைகளை ஆராதனையிலிருந்து முழுக்கப் பிரித்துவிடாதீர்கள். என் மகன் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது என் பக்கத்தில் நின்று பெரியவர்களைப் பார்த்துத்தான்.

இரண்டு பிள்ளைகளின் தாய்

நீங்கள் சொல்வது சரி, சகோதரி. எங்கள் சபையில் பாடல்கள் முடியும்வரை பிள்ளைகள் எங்களோடுதான் இருப்பார்கள். அதன் பிறகு வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது பெற்றோர் விருப்பம்.

பாட்டி, நீங்கள் எழுதியதை என் கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். நன்றி.

ஓர் உதவி வேண்டும். சாமான் போட்டிருந்த ஓர் அறையைக் காலி செய்து பாலூட்டும் தாய்மாருக்காகத் தயார் செய்கிறோம். பிரசங்கம் கேட்க ஒலிபெருக்கி வைக்கப் போகிறோம். தூங்கும் குழந்தைகள் விழித்துக்கொள்ளாதபடி இதை எப்படிச் செய்தீர்கள்? ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.