மைஎஸ்க்யூஎல்-இலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறியபின் டேபிள் அமைப்பைப் பார்ப்பது எப்படி?

கேள்வி:
டேட்டாபேஸை மைஎஸ்க்யூஎல்-இலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியாயிற்று. மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பைக் காட்டிய 'டிஸ்கிரைப் ஆர்டர்ஸ்', 'ஷோ கிரியேட் டேபிள்' இரண்டுக்கும் இப்போது சின்டாக்ஸ் எர்ரர். போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில், அமைப்பைக் காட்டும் பேக்ஸ்லாஷ் டி வேலை செய்கிறது. அதையே பைத்தானிலிருந்து அனுப்பினால் அதற்கும் எர்ரர். டேபிள்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1:
டிஸ்கிரைப் என்பது மைஎஸ்க்யூஎல் சர்வருக்கே புரிகிற கட்டளை. பேக்ஸ்லாஷில் தொடங்குபவை பிஎஸ்க்யூஎல் கிளையன்டின் சொந்தக் கட்டளைகள், சர்வருக்கு அவை தெரியாது. பிஎஸ்க்யூஎல்லை மைனஸ் பெரிய இ ஆப்ஷனோடு திறந்தால், உள்ளுக்குள் அது அனுப்பும் குவெரியையும் காட்டும்.

நிரலிலிருந்து பார்க்க, நெடுவரிசை விவரங்களைப் பட்டியலிடும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ் வியூ போதும். டேபிள் பெயரோடு டேபிள்_ஸ்கீமாவையும் (அந்த டேபிள் இருக்கும் தொகுப்பின் பெயர்) நிபந்தனையில் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஸ்கீமாவில் அதே பெயரில் இருக்கும் டேபிளின் நெடுவரிசைகளும் கலந்து வரும். ஆர்டினல்_பொசிஷன்படி (நெடுவரிசையின் வரிசை எண்) வரிசைப்படுத்துங்கள். ஈனம் (பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) நெடுவரிசைக்கு டேட்டா_டைப்பில் 'யூசர்-டிஃபைண்ட்' என்றுதான் வரும், உண்மையான பெயர் யூடிடி_நேமில் இருக்கும். உங்கள் யூசருக்கு அனுமதி இல்லாத டேபிள் இந்த வியூவில் தெரியவே தெரியாது. அதை வைத்து டேபிள் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஷோ கிரியேட் டேபிளுக்கு மாற்று: பிஜி_டம்ப் கருவி. அதற்கு ஸ்கீமா-ஒன்லி ஆப்ஷன், பிறகு மைனஸ் சின்ன டி போட்டு டேபிள் பெயர்.

பதில் 2:
நெடுவரிசைகளை மட்டும் பார்த்தால் போதாது. பேக்ஸ்லாஷ் டி வெளியீட்டின் அடிப்பகுதிதான் முக்கியம், இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்குவது), ஃபாரின் கீ (வேறு டேபிளின் வரியைச் சுட்டுவது) பட்டியல்கள் அங்கேதான் வரும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபியில் ஃபாரின் கீ போட்டால், அந்த நெடுவரிசைக்கு ஏற்கெனவே இண்டெக்ஸ் இல்லையென்றால் தானாகவே உருவாகிவிடும். போஸ்ட்கிரெஸ் உருவாக்காது. ஃபாரின் கீ பட்டியலில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசையும் இண்டெக்ஸ் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாய் டேபிளில் ஒரு வரியை அழிக்கும்போதெல்லாம் சேய் டேபிள் முழுவதையும் தேட வேண்டிவரும்.

ஐடி நெடுவரிசையின் டிஃபால்ட்டில் நெக்ஸ்ட்வேல் அல்லது ஐடென்டிட்டி இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆட்டோ இன்கிரிமென்ட் (ஐடிக்குத் தானாக அடுத்த எண் தருவது) தொலைந்துவிட்டது. அவற்றில் ஒன்று இருந்தாலும், அந்த எண்ணை வழங்கும் சீக்வென்ஸ் 1-இலேயே நின்றிருக்கலாம். அப்போது புது வரி சேர்த்தால் 'டூப்ளிகேட் கீ' எர்ரர் வரும். செட்வேல் கொண்டு சீக்வென்ஸை மேக்ஸ் ஐடிக்கு நகர்த்துங்கள்.

போஸ்ட்கிரெஸில் அன்சைன்ட் (மைனஸ் எண்களை ஏற்காத எண் வகை) கிடையாது. அன்சைன்ட் இன்ட் 429 கோடிக்கு மேல் வரை போகும், சாதா இன்டீஜர் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். அன்சைன்ட் இன்ட் நெடுவரிசைகள், இன்னும் பெரிய எண்களை ஏற்கும் பிக்இன்ட்டாக மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, இரண்டு ஃபாரின் கீக்கு இண்டெக்ஸ் இல்லை. ஆனால் 'ஆர்டர்ஐட்டம்ஸ்' டேபிளை, எல்லா டேபிள்களையும் பட்டியலிடும் பேக்ஸ்லாஷ் டிடி காட்டுகிறது, பேக்ஸ்லாஷ் டி மட்டும் அப்படி ஒன்று இல்லை என்கிறது.

பதில் 1:
பட்டியலில் பெயர் பெரிய எழுத்துகளோடு இருக்கிறதா? மேற்கோள் இல்லாத பெயரை போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்கிவிடும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் கிடைக்கும். ஆனால் இனி ஒவ்வொரு குவெரியிலும் அப்படியே எழுத வேண்டியிருக்கும். ஆல்டர் டேபிள் ரீநேம் செய்து இப்போதே சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். நெடுவரிசைப் பெயர்களுக்கும் இதே கதைதான்.