பிஸ்டல் தோட்டா போடுற லீவர் ரைஃபிள் (அடியில இருக்கிற பிடியை இழுத்துத் தோட்டா ஏத்துறது): சுட்டவங்க அனுபவம் சொல்லுங்க

செங்காட்டான் (ஓஹையோ):
மான் சீசன்ல பக்கத்து வீட்டுப் பெரியவரோட போயிருந்தேன். அவர்கிட்ட பழைய .357 தோட்டா லீவர், சேஃப்டி பட்டன் கிடையாது. மான் தலை தெரிஞ்சதும் ஹேமரை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியல்) ஏத்தினார், மான் புதருக்குள்ள போயிடுச்சு. இப்ப ஏத்தினதை இறக்கணும், சேம்பர்ல (குழலோட பின்முனை அறை) தோட்டா இருக்கு! தடிச்ச கம்பளிக் கையுறையோட கட்டைவிரலை ஹேமர் மேல வச்சு, ட்ரிகரை அழுத்திக்கிட்டே மெல்ல விடுறார். விரல் நடுங்குது, குளிரா வயசான்னு தெரியல. குழல் தரையைத்தான் பார்த்துச்சு, என் பூட்ஸும் அதே தரையிலதானே இருக்கு. ஹாஃப் காக்ல (ஹேமர் பாதியில நிக்கிற நிலை) 'க்ளிக்'னு உட்கார்ந்ததும் மனுஷன் பாட்டுக்கு ஃப்ளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊத்துறார். அன்னிக்கு முழுக்க எனக்கு மான் நெனப்பே வரல. நீங்கள்லாம் இதை எப்படிப் பண்றீங்க?

கரிமுகன்:
ஹேமர் கதை எனக்கில்ல. எனக்கு மூஞ்சி கதை. கௌபாய் மேட்ச்ல (பழங்காலத் துப்பாக்கி வச்சுச் சுடுற போட்டி) 1873 மாடல் வின்செஸ்டர் ரெப்ளிகா, .45 கோல்ட் தோட்டா, லேசான லோடு (மருந்து கம்மி). ஒவ்வொரு சுடுதலுக்கும் கன்னத்துல சூடா ஒரு ஊதல். கேஸை (சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூடு) பொறுக்கிப் பார்த்தா ஒரு பக்கம் பூரா பொங்கப் பானை அடி மாதிரி கரி. பக்கத்துல ஒருத்தர் .44-40 சுட்டார், அவர் கேஸ் பளபளன்னு இருக்கு. அதோட சுவர் மெலிசு, லேசான லோடுக்கே விரிஞ்சு சேம்பரை அடைச்சிடும். 1873-ல அந்த ரைஃபிள் வந்ததே .44-40-லதான். கோல்ட் கம்பெனியும் பின்னாடி அதே தோட்டாவுக்கு ரிவால்வர் போட்டாங்க, இடுப்புல ஒரே பெல்ட் போதும்னு. .45-ஐ இதுல திணிச்சது நம்ம காலத்து வேலை.

டெக்சஸ் மாப்ள:
கரிமுகன் அண்ணே, பழியைத் தோட்டா மேல போடாதீங்க. லோடைக் கொஞ்சம் ஏத்துங்க, .45-உம் ஒழுங்கா அடைக்கும். பூப்போல சுட்டா கரி வராம என்ன வரும்?

வேட்டைக்காரன் சித்தப்பா:
என்னோடது சின்னது. .357 லீவர்ல .38 ஸ்பெஷல் (அதே குழல்ல போற குட்டைத் தோட்டா) போட்டுச் சுட்டேன். 'டப்'னு ஒரு சத்தம், அது அடங்கினப்புறம் தனியா தூரத்துல 'டங்'னு இரும்புத் தகடு. ரெண்டுக்கும் நடுவுல இருந்த அந்த இடைவெளி இன்னும் காதுல இருக்கு.

சரி, புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்கோங்க. .38 நிறைய சுட்டா சேம்பர்ல கரி வளையம் கட்டும். தேய்ச்சு எடுக்காம .357-ஐத் தள்ளினா உள்ள உட்காராது. குழாய் மேகசின்ல கூர்முனைத் தோட்டா ஆகவே ஆகாது, முன்னாடி இருக்கிறதோட ப்ரைமரை (தட்டினா வெடிக்கிற பின்பக்கப் பொட்டு) குத்தும். தட்டை மூக்குதான். .357-ல 158 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டு ரிவால்வர்ல நொடிக்கு 1,200 அடி சொச்சம் போகும், 18 அங்குலக் குழல்ல 1,800 பக்கம் வரும். அதுக்காக 100 கெஜத்துக்கு மேல மானைச் சுடாதீங்க. ஓஹையோவுல 2014-லதான் ஸ்ட்ரெயிட் வால் (கழுத்து குறுகாத நேரான கூடு) தோட்டா ரைஃபிளையே மானுக்கு விட்டாங்க, அதுக்கு முன்னாடி ஷாட்கன்தான் பெரும்பாலும். முக்கியமா, எச்1பி வேலை விசாவுல இருக்கிற தம்பிங்க, ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கவே தடை. செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்தாலும் அதே சட்டம்தான். க்ரீன் கார்டுக்கு இந்தத் தடை இல்ல.

செங்காட்டான்:
சித்தப்பா, நான் சிட்டிசன். கேட்டது ஹேமரைப் பத்தி.

கரிமுகன்:
கையுறையைக் கழட்டச் சொல்லுங்க அவரை. மாப்ள, லோடை ஏத்திப் பார்த்துட்டேன். கரி குறைஞ்சுது, தோள்தான் வலிக்குது. .44-40 வாங்க வீட்ல பர்மிஷன் கேட்டிருக்கேன்.