ஹியூபர்ட் டேவிஸின் நான்கு ஆண்டுகள்: வட கரோலினாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளரை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி: நீலச்சட்டை (2025 மே)

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வட கரோலினாவின் கேரி நகரில் வசித்து வருகிறேன். சேப்பல் ஹில் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களை முதலில் என் மகனுக்காகப் பார்க்கத் தொடங்கினேன். இப்போது அவனைவிட எனக்கே பற்று கூடிவிட்டது. பருவம் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஆனாலும் நண்பர்கள் கூடும் இடமெல்லாம் தலைமைப் பயிற்சியாளர் ஹியூபர்ட் டேவிஸ் நீடிக்க வேண்டுமா, கூடாதா என்ற பேச்சு ஓயவில்லை.

அவருடைய கணக்குதான் என்னைக் குழப்புகிறது. முதல் பருவமான 2021-22இல் 29 வெற்றி, 10 தோல்வியுடன் தேசிய இறுதியாட்டம் வரை சென்றார். அடுத்த பருவத்தில், தொடக்கத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி 20-13 என்று சரிந்து, தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் என்சிஏஏ தொடருக்கே தகுதி பெறவில்லை. 1985இல் அத்தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு அப்படி முதலிடத்தில் தொடங்கி வெளியே நின்ற முதல் அணி இதுதான். மூன்றாம் ஆண்டில் 29-8, நம் அணி ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான ஏசிசியின் பட்டம். நான்காம் ஆண்டில் 23-14. கடைசி இடங்களில் ஒன்றைப் பிடித்து உள்ளே நுழைந்து, முதல் சுற்றில் மிசிசிப்பியிடம் தோல்வி. மொத்தம் 101-45. பத்தில் ஏழு ஆட்டங்களை வெல்பவரை அனுப்பச் சொல்வது நியாயமா? இந்த ஏற்ற இறக்கத்தை வளர்ச்சி என்பதா, தேக்கம் என்பதா?

பதில் 1: அறுபத்தைந்தாம் வரிசை

ஐயா, வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயிற்சியாளரை அளந்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு நம் அணியிலேயே சான்று உண்டு. நம் முன்னாள் பயிற்சியாளர் மேட் டோஹர்ட்டி 2000-01இல் 26-7 என்ற கணக்குடன் தொடங்கி, அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று ஏபி செய்தி நிறுவனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த பருவம் 8-20. அதற்கடுத்தது 19-16. முன்னேற்றம்தான் என்று ஏடு சொல்லும். ஆனால் ஓய்வறைக்குள் வீரர்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த நம்பிக்கை உடைந்துவிட்டிருந்ததால், 2003 ஏப்ரலில் அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் சேர்த்து வைத்த ரேமண்ட் ஃபெல்டன், ஷான் மே, ரஷாத் மெக்கன்ட்ஸ் ஆகியோரைக் கொண்டே அடுத்து வந்த பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் 2005இல் தேசியப் பட்டம் வென்றார். திறமையான இளைஞர்களைக் கண்டெடுப்பது ஒரு வேலை. அவர்களைத் தன்னோடு அழைத்துச் செல்வது வேறொரு வேலை. டோஹர்ட்டிக்கு முதலாவது வாய்த்தது, இரண்டாவது வாய்க்கவில்லை.

டேவிஸ் மீது அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்த முடியாது. வீரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இருக்கும் அன்பு போலியானதல்ல. நம் பழைய பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் விளையாடியவர், ராய் வில்லியம்ஸிடம் 2012 முதல் துணைப் பயிற்சியாளராக இருந்தவர்; அந்தக் குடும்ப உணர்வை அவர் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

எனினும் ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. மார்ச் மாதம் ஏசிசி அரையிறுதியில் டியூக்கிடம் இருபது புள்ளிகளுக்கும் மேல் பின்தங்கியிருந்த நம் அணி, ஓர் அற்புதமான மீட்சியால் கடைசி நொடிகளில் ஒரே புள்ளி வித்தியாசத்துக்கு வந்தது. நம் வீரர் வென்-ஆலன் லூபினின் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் வீசும் ஒரு புள்ளி வீச்சு) வளையத்துக்குள் விழுந்தது. ஆட்டம் சமம் என்று எழுந்து நின்றோம். ஆனால் பந்து அவர் கையைவிட்டுப் போகுமுன்பே நம் அணியின் ஜேலின் விதர்ஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டதால் அந்தப் புள்ளி செல்லாது என்று நடுவர் அறிவித்தார். 74-71 எனத் தோற்றோம். அதை ஓர் இளைஞனின் பிழையாக விட்டுவிடலாம். இருபதுக்கு மேல் பின்தங்கும் நிலைக்கு ஏன் திரும்பத் திரும்ப வந்தோம் என்பதற்குப் பயிற்சியாளரே பொறுப்பு. ஒரு வாரம் கழித்து மிசிசிப்பிக்கு எதிராகவும் இடைவேளையில் 44-26 என்றே பின்தங்கி நின்றோம்.

பதில் 2: பின்களம்

பள்ளி மாணவர்களுக்கு வாரயிறுதியில் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பருவம் எந்தக் குறையைக் காட்டியதோ, அதை அடுத்த பருவத்துக்குள் பயிற்சியாளர் சரிசெய்தாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

2022-23 சரிவுக்குப் பிறகு டேவிஸ் அதைச் செய்தார். கேலப் லவ் அரிசோனாவுக்குச் சென்றார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஹாரிசன் இங்ரமும் நோட்டர் டேமிலிருந்து கார்மக் ரையனும் வந்தார்கள். பந்து ஒருவர் கையிலேயே தங்கிவிடும் பழைய நோய் தீர்ந்தது. நம் வீரர் ஆர்ஜே டேவிஸ் ஏசிசியின் சிறந்த வீரரானார்.

2024 கோடையில் அதைச் செய்யவில்லை. ஐந்து ஆண்டுகளாக வளையத்தடியில் நின்று ரீபவுண்டுகளை (வீச்சு தவறித் திரும்பும் பந்துகளை) வாரிக்கொண்டிருந்த அர்மாண்டோ பேக்காட் விடைபெறுவார் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி. அந்த இடத்துக்கு அவருக்கு நிகரான நெடிய சென்டர் ஒருவரைக் கொண்டுவராமலே பருவத்தைத் தொடங்கினோம். உயரம் குறைந்த கார்டுகள் (பந்தைக் கொண்டு செல்லும் வெளிவட்ட வீரர்கள்) மூவரை ஒரே நேரத்தில் களத்தில் வைத்து ஆடியபோது, எதிரணியின் முதல் வீச்சு தவறினாலும் பந்து மீண்டும் அவர்கள் கைக்கே சென்றது. இதை ஆட்ட நுணுக்கத்தால் மறைக்க முடியாது. குவாட் 1 எனப்படும் வலிமையான எதிரணிகளுடனான ஆட்டங்களில் என்சிஏஏ தொடருக்கான அணிகள் தேர்வான நாள்வரை 1-12 என்று நின்றதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3: பழைய மாணவன்

மேலே எழுதிய இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. பொறுமைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதைச் சேர்க்கவே எழுதுகிறேன். 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்டிடம் தோற்றுத் திரும்பிய பேருந்து வளாகத்துக்குள் நுழைந்தபோது, டீன் ஸ்மித்தின் கொடும்பாவியை மாணவர்கள் தொங்கவிட்டிருந்தார்கள். வீரர் பில்லி கன்னிங்ஹாம் பேருந்திலிருந்து இறங்கி ஓடி அதைப் பிய்த்தெறிந்தார். இன்று அந்தப் பயிற்சியாளரின் பெயரில்தான் நம் அரங்கமே இருக்கிறது. பக்கத்து ஊரான டர்ஹமில், டியூக் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த மைக் ஷஷெவ்ஸ்கியின் இரண்டாம், மூன்றாம் பருவங்கள் 10-17, 11-17. 1983இல் வர்ஜீனியாவிடம் 109-66 என்று நொறுங்கியபோது அவரை நீக்கச் சொன்னவர்கள் ஏராளம். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை. டியூக்கின் ஐந்து தேசியப் பட்டங்களும் அந்த உறுதியிலிருந்து வந்தவை.

பதில் 4: பின்களம்

நண்பரே, அந்த வரலாற்றை நானும் மதிக்கிறேன். ஆனால் பட்டர்ஸ் காத்திருந்த காலத்தில், முதலாண்டில் சேர்ந்த மாணவன் நான்காம் ஆண்டுவரை அங்கேயே வளர்ந்தான். காத்திருந்தால் கைமேல் பலன் கிடைத்தது. இன்று மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு ஈட்டும் என்ஐஎல் பணமும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வழிவிடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் இருக்கின்றன. எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று 2024 முதல் விதியே வந்துவிட்டது. லூயிவில் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்: பயிற்சியாளர் கென்னி பெய்ன் இரண்டு பருவங்களில் 12-52. ஏறத்தாழ 80 லட்சம் டாலர் கொடுத்து அவரை அனுப்பினார்கள். அடுத்து வந்த பேட் கெல்சி, கிட்டத்தட்ட முழு அணியையும் புதிதாகத் திரட்டி முதல் பருவத்திலேயே 27-8 என்று நிமிர்த்தினார். அதைக் கண்ட எந்த நிர்வாகமும் இனி நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்காது. ஒப்பந்தத்தை முறிக்கும் தொகை பெரிதாக இருப்பதுதான் பல பயிற்சியாளர்களுக்கு இன்று எஞ்சியிருக்கும் பாதுகாப்பு. கென்டக்கியில் ஜான் கலிபாரிக்கு அது 3.3 கோடி டாலரைத் தாண்டியது.

டேவிஸை இப்போதே நீக்குவது தவறு என்றுதான் நானும் கருதுகிறேன். பிப்ரவரியில் ஜிம் டேனரைப் பொது மேலாளராக நியமித்ததன் மூலம், வீரர்களைத் திரட்டும் சுமையைப் பயிற்சியாளர் தனியே சுமக்க முடியாது என்பதைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உதவியைக் கொடுத்துவிட்டு ஒரு பருவம்கூடப் பார்க்காமல் தீர்ப்பெழுதக் கூடாது.

நீலச்சட்டை

அனைவருக்கும் நன்றி. வெற்றிகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த எனக்கு, கடந்த கோடையில் நிரப்பப்படாத அந்த ஓர் இடம்தான் விடையாகத் தெரிகிறது. அரிசோனாவிலிருந்து ஏழடி உயர எஸ்டோனிய வீரர் ஹென்றி வேசார் வருகிறார். கேலப் வில்சன் முதலாண்டு மாணவராகச் சேர்கிறார். எலியட் கேடோ மிச்சிகனுக்குப் போய்விட்டதால் பந்தைக் கொண்டு செல்பவர் யார் என்ற கேள்வி புதிதாக முளைத்திருக்கிறது. நவம்பரில் முதல் சில ஆட்டங்களுக்கு என் மகனோடு அரங்கத்துக்கே செல்லவிருக்கிறேன். இம்முறை புள்ளிப் பலகையைவிட, எதிரணியின் வீச்சு தவறியதும் பந்து யார் கையில் விழுகிறது என்பதைத்தான் இருவரும் குறித்துக்கொள்ளப் போகிறோம்.